கடனை அடைக்க இன்னொரு குழுக் கடன் எடுக்கலாமா?

அக்காவுக்கு வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 39. நான் கடல்பாசி எடுக்கப் போகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மகன் எட்டாவது. மாமியாரும் எங்களோடுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, மதுரை பெரியாஸ்பத்திரியில் 22 நாள் கிடந்தோம். அப்போதுதான் முதன்முதலாகக் குழுவில் கடன் எடுத்தேன். அதை முடித்துத் திரும்ப எடுத்தேன். மகள் சடங்குக்கு இன்னொரு கம்பெனியில் எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா கெஞ்சிக் கேட்டதால் என் பேரில் மூன்றாவதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவர் இப்போது ஊரில் இல்லை, போனும் எடுப்பதில்லை. இந்த மூன்றாவது கடன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பாசி வாங்குகிற வியாபாரியிடம் 5 வட்டிக்கு 20,000 வாங்கியதும் தெரியாது. இரண்டு வருடமாக வட்டி மட்டும் கட்டுகிறேன். இரண்டு பவுன் பேங்கில் இருக்கிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். பாசியும் எடுப்பதில்லை. மூன்று வாரமாகத் தவணை நிற்கிறது. லோன் ஆபீசர் தம்பி இரவு ஏழு மணிக்கு மேல் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். குழுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். வேறொரு கம்பெனிக்காரர் 60,000 தருகிறேன், பழையதை எல்லாம் அடைத்துவிட்டு ஒரே தவணையாகக் கட்டுங்கள் என்கிறார். எடுக்கலாமா? மகளைத் திருப்பூர் பக்கம் மில்லுக்கு அனுப்பினால் மூன்று வருடத்தில் மொத்தமாகப் பணம் தருவார்கள் என்று ஒருவர் சொல்கிறார். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. வீட்டுக்காரர் கை நீட்டுகிற ஆள் இல்லை. ஆனால் கோபம் வந்தால் பேசாமல் போய்விடுவார். ஊரில் ஆடி முளைப்பாரிக்கு வரி போட்டிருக்கிறார்கள், அதையும் கட்டவில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் நான் போவதில்லை. கடலில் இறங்கும்போது சில நாள் அப்படியே போய்விடலாம் போல இருக்கிறது.

*

தங்கச்சி,

கணக்கையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடலில் அப்படியே போய்விடலாம் என்று தோன்றுவதை நீங்கள் என்னிடம் சொன்னது நல்லது. அதே வரியை இன்றைக்கே உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள். உங்களோடு வள்ளத்தில் வருகிற பெண்களில் ஒருத்தி போதும். பாசிக்கு இறங்கும் நாள் வரும்போது உங்கள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தனியாக இறங்காதீர்கள். இரவில் அந்த நினைப்பு வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். 104-க்கும் பேசலாம். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய்வாருங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வைத்தியம் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்க வேண்டும். இந்தக் கடற்கரையில் எத்தனையோ பெண்கள் கடனோடு மன்றாடியதைப் பார்த்திருக்கிறேன். கடனை யாருக்கும் தெரியாமல் தனியாகச் சுமந்தவர்கள்தான் உங்களைப் போல அந்த எல்லைக்குப் போனார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த 60,000 வேண்டாம்.

கடிதத்தோடு மகள் கையால் எழுதி அனுப்பிய தவணை, வருமான, புதுக் கடன் விவரத்தை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் கடன் வாரம் 700. இரண்டாவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை 1,250. மூன்றாவது, அந்த அக்காவுக்காக எடுத்தது, மாதம் 2,450. வியாபாரிக்கு வட்டி மாதம் 1,000. வாரம் 700 என்றால் மாதம் 2,800 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் வருடத்துக்கு 52 வாரம். நான்கு நான்காகக் கூட்டினால் 48 வாரம்தான் வருகிறது. மிச்ச நான்கு வாரத்துத் தவணை, 2,800 ரூபாய், உங்கள் கணக்கில் எங்குமே இல்லை. பதினைந்து நாள் கடனிலும் இப்படி வருடத்துக்கு இரண்டு தவணை விட்டுப்போகிறது. "எப்படியோ இடிக்குதக்கா, எங்க போகுதுன்னு தெரியல" என்று பெண்கள் சொல்வதில் பாதி இந்த இடம்தான்.

ஆகவே வருடக் கணக்காகவே போடுவோம். மூன்று குழுக் கடனுக்கும் சேர்த்து 98,300. வியாபாரி வட்டி 12,000. மொத்தம் 1,10,300.

வருமானத்தையும் அதே மாதிரி வருடத்துக்குப் பார்ப்போம். வீட்டுக்காரருக்கு நல்ல மாதத்தில் 12,000 என்று எழுதியிருக்கிறீர்கள். தடைக்காலம் 61 நாள் போக, காற்று நாள், ஸ்டிரைக் நாள் எல்லாம் கழித்தால் ஒன்பது மாதம்தான் தேறும் என்று வைக்கிறேன். அது 1,08,000. உங்களுக்கு மாதம் 12 நாள் பாசியில் 7,000, அதற்கும் ஒன்பது மாதம், 63,000. தடைக்கால நிவாரணம் 8,000, மீன் குறைந்த காலத்துக்கான 6,000, மகளிர் உரிமைத் தொகை வருடத்துக்கு 12,000, அவர் கட்டும் சேமிப்பு நிவாரணத்தில் அரசு சேர்த்துத் தருவது 3,000. எல்லாம் கூட்டினால் சரியாக இரண்டு லட்சம்.

இரண்டு லட்சத்தில் கடனுக்குப் போனதுபோக மிச்சம் 89,700. ஒரு நாளைக்கு 245 ரூபாய். ஐந்து பேர். அரிசி ரேஷனில் வந்தாலும் குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற ஊர் நம்முடையது. நீங்கள் ஊதாரி இல்லை, தங்கச்சி. இந்தத் தொகையில் தவணை தவறாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இனி இந்தப் புதுக் கடன். மாதம் 3,170 வீதம் 24 மாதம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கையில் வருவது 60,000 முழுதாக இருக்காது, அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று பிடிப்பார்கள். கட்டுவது 76,080. உங்கள் மூன்று கடனில் மிச்சம் கட்ட வேண்டிய தவணைகளைக் கூட்டினால் 77,550 வருகிறது, அதனால் இந்தப் பணத்தில் மூன்றும் அடையாது. இரண்டு அடையும், ஒன்று நிற்கும். மாதத் தவணை இப்போதைவிடக் குறையும் என்பது உண்மை. ஆசை காட்டுவதும் அதுதான், மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். முதல் கடனில் இன்னும் 26 தவணை. ஜூனில் தொடங்கி விடாமல் கட்டினால் கார்த்திகையில் முடிந்துவிடும். இரண்டாவதில் 22 தவணை, ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15. அதாவது அடுத்த தடை வரும்போது உங்கள் தலையில் ஒரு குழுக் கடன்தான் இருக்கும், அதுவும் சில தவணையே பாக்கி. புதுக் கடனை எடுத்தால் இரண்டு தடைக்காலங்களை அதோடு கடக்க வேண்டும்.

எடுக்காதீர்கள் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல வருடங்களுக்கு முன், இந்த வேலைக்கு வந்த புதிதில், தொண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் உங்கள் நிலைமையில் ஒரு பெண் என்னிடம் இதையே கேட்டார். எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். தாளில் கணக்கு சரியாக வந்தது. பணம் வந்த அன்று காலையில் அவருடைய நாத்தனார் வந்து நின்றார். மதியம் என்ஜின் ரிப்பேருக்கு வீட்டுக்காரர் கேட்டார். இரவுக்குள் பாதிப் பணம் இல்லை. பழைய கடன் இரண்டும் அப்படியே இருந்தன, புதியது சேர்ந்துகொண்டது. பணம் வரும் நாளில் உங்கள் வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பெண் அப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்தக் கம்பெனிக்காரர் உங்கள் படிவத்தில் குடும்ப வருமானம் மாதம் 25,000 என்று எழுதிக்கொண்டார் என்கிறீர்கள். ஏன் 25,000? பன்னிரண்டால் பெருக்குங்கள், 3,00,000. வருடம் மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதைத்தான் ரிசர்வ் வங்கி நுண்கடன் என்கிறது. 2022 ஏப்ரல் முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டுமானால் புதிதாகக் கடன் தரக் கூடாது. உங்கள் உண்மையான வருமானத்தை எழுதினால் மூன்று குழுக் கடனிலேயே பாதி வந்துவிட்டது. நான்காவதைத் தர வழியில்லை. அதனால்தான் படிவம் அனுமதிக்கிற உச்சத்தை எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வாயால் "மாசம் பதினாறாயிரம்தான் வரும்" என்று நீங்கள் சொன்ன பிறகும் அவர் அப்படி எழுதியது உங்கள் தப்பு இல்லை. கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று தெரியும். ஆனால் இரண்டு கடனை மறைத்து வைத்துக்கொண்டு மற்றதைச் சரி செய்ய முடியாது. அந்த லோன் ஆபீசர் தம்பி வாசலில் வந்து உட்காரும்போது உங்களை ஆட்டுகிற பயமே, அவர் வாயால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான். நீங்களே சொல்லிவிட்டால் அந்தப் பிடி அவரிடம் இல்லை.

எப்போது, எப்படி என்பதையும் சொல்கிறேன். வீட்டுக்காரர் இப்போது கரையில் இருக்கிறார். கடலுக்குப் போய்வந்த களைப்பு இல்லாத நாட்கள் இவை. சாயங்காலம் அவர் குடிக்காமல் இருக்கிற ஒரு நாளில், மகனை வெளியே அனுப்பிவிட்டு, மாமியாரையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் கண் முன்னால் எழுதுங்கள். முதல் வரியில் மாமியாரின் ஆஸ்பத்திரிக் கடனை எழுதுங்கள். இந்தக் குடும்பத்தின் கடன் அங்கே தொடங்கியது என்பதை அவரும் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, காப்பீட்டில் முடிந்தது. ஆனாலும் 22 நாள் இருவர் சாப்பாடு, பஸ், ராத்திரி அவசரத்துக்கு ஆட்டோ, இவர் படகுக்குப் போகாத நாள், நீங்கள் பாசிக்குப் போகாத நாள் எல்லாம் கடனாகத்தான் வந்தது. வைத்தியம் இலவசமாக இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பதற்கு ஏழைக்கு ஆகிற செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, இது எனக்கு எப்போதும் ஆற்றாமையான விஷயம். (மாமியாரை இனி மறுபரிசோதனைக்கு மதுரைக்கு அலைக்கழிக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் 2022-லிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எலும்புப் பிரிவு அங்கேயே உண்டு.)

அவர் எழுந்து போய்விட்டால் போகட்டும். நோட்டை மூடாமல் வையுங்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அவராக அந்த நோட்டைப் புரட்டுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கை நீட்டுகிற ஆள் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். அப்படி ஏதாவது நடந்தால் 181-க்குப் போன் செய்யுங்கள், ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

குழுப் பெண்கள் அடுத்தது. அவர்கள் உங்கள் மேல் கோபமாக இருப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. ஒளிந்துகொள்ளாமல், குழுப் பெண்களுக்குத் தலைவியாக இருக்கிற சென்டர் லீடர் வீட்டுக்கு நீங்களே போய், "மூணு வாரம் நிக்குது, ஜூன்ல படகு இறங்குனதும் முதல் கடனை வாராவாரம் கட்டிடுறேன், பாக்கியை இன்ன தேதியில இவ்வளவு தர்றேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். தேதி சொல்கிற ஆளிடம் கோபம் சீக்கிரம் தணியும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்காக எடுத்ததைப் பற்றி உங்களுக்கு இனிக்கிற பதில் என்னிடம் இல்லை. கையெழுத்து உங்களுடையது, அதனால் கம்பெனிக்கு அது உங்கள் கடன்தான். அவருடைய அண்ணன் தம்பி யாராவது ஊரில் இருந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். கொஞ்சமாவது வரும். வந்தால் லாபம் என்று நினைத்து, வராது என்றே கணக்குப் போட்டு வையுங்கள். இனி யார் கெஞ்சினாலும் உங்கள் பேரில் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வசூலுக்கு வருகிறவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கு எழுத்தில் விதி இருக்கிறது, அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நுண்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போனில் அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை பார்க்கிறவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல் செய்ய வேண்டும். அங்கே நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். இது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே தவணை நாளில் காசு இல்லாவிட்டாலும், குழு கூடித் தவணை கட்டுகிற இடமான சென்டருக்குப் போய் உட்காருங்கள். "நான் வந்திருக்கேன், இன்னைக்கு இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லி, கொடுத்ததைக் கடன் அட்டையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். போய் நின்றாலே அவர் இரவில் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.

அந்தத் தம்பியை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவரும் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து டார்கெட்டுக்கு ஓடுகிற பையனாகத்தான் இருப்பார். கிளை மேலாளருக்கு எழுதுங்கள். தமிழில் ஒரு பக்கம் போதும். தடைக்காலத்தில் வருமானம் இல்லை, இன்ன தேதி முதல் கட்டுகிறேன், தவணைக் காலத்தை நீட்டித்துத் தாருங்கள் என்று எழுதி, நகல் எடுத்து, வாங்கியதற்கு முத்திரை வாங்குங்கள். கேட்டவுடன் நீட்டிப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் எழுத்தில் கேட்டவரை நடத்துகிற விதம் வேறாக இருக்கிறது. அதன் பிறகும் இரவில் வந்து உட்கார்ந்தால் முதலில் கம்பெனியிடமே புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். மிரட்டல் என்றால் காவல் நிலையம்தான், அதற்கு 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இந்த மாதம் 8,000 நிவாரணம் வரும். 5,000 ஆக இருந்ததை 8,000 ஆக்கும் அறிவிப்பு உங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் 2023-ல் வந்தது. அது எந்த நாள் பேங்கில் ஏறுகிறது என்பது ஊரில் வசூலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கே முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். பாதி வீட்டுக்கு, பிள்ளைகளின் பள்ளி திறக்கும் செலவுக்கு. மறுபாதி முதல் கடனின் பாக்கிக்கு. சீக்கிரம் முடிகிற கடன் எதுவோ அதை முதலில் நேராக்குங்கள். பேங்கில் இருக்கிற இரண்டு பவுனுக்குக் கெடு தேதி என்ன என்று ரசீதைப் பார்த்து நோட்டில் குறியுங்கள். கெடு தாண்டவிடாமல் வட்டியைக் கட்டி மாற்றி வைத்தால் நகை ஏலத்துக்குப் போகாது.

வியாபாரி கடன்தான் எனக்குக் கோபம் தருகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால் வருடத்துக்கு 60 ரூபாய். இரண்டு வருடத்தில் 24,000 வட்டியாகக் கட்டியிருக்கிறீர்கள், வாங்கியதே 20,000. போதாததற்கு பாசியையும் அவருக்கே போட வேண்டும். வெளியில் கேட்கிற விலையைவிடக் கிலோவுக்குக் குறைத்துத்தான் போடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தராசில் போகிற அந்தக் காசு வட்டிக் கணக்கில் வருவதே இல்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் கால் கிழிபட்டு, மூச்சைப் பிடித்து நீங்கள் எடுத்த மரிக்கொழுந்துப் பாசி அது.

தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் நாளைக்கே காவல் நிலையத்துக்கு ஓடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஜூலையில் பாசியை நீங்கள் யாரிடமாவது விற்க வேண்டும். முதலில் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100-க்குப் போன் செய்து கேட்டுவிட்டும் போகலாம். வியாபாரிக்கு வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதுவரை கட்டிய வட்டியைக் காட்டி, அசலைத் தவணையில் முடித்துக்கொள்ளும்படி அங்கேயே கூப்பிட்டுப் பேச வழி இருக்கிறது. அதோடு, அந்த வியாபாரியிடம் கடன்பட்ட பாசிப் பெண் நீங்கள் ஒருத்தியாக இருக்க மாட்டீர்கள். நான்கைந்து பேராகப் போனால் பாசியை வாங்க மாட்டேன் என்று மிரட்ட அவருக்குத் துணிச்சல் வராது.

பெண்கள் சேர்ந்து நின்று இந்தக் கரையில் சாதிக்காதது இல்லை. தீவுப் பக்கம் வனத்துறை கெடுபிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் 12 நாள்தான் பாசி எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் உங்கள் பெண்கள்தான். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் சீக்காலஜி விருது அதற்காகத்தான் கிடைத்தது. பாசிக்கு முடிந்த ஒற்றுமை வட்டிக்கும் முடியும்.

"குழு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டதால் உங்களைப் போன்றவர்கள் பெரிய நஷ்டம் அடைகிறார்கள். கம்பெனிக்காரர் பத்துப் பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு கடன் கொடுப்பதும் குழு என்றாகிவிட்டது. 1989-ல் தருமபுரியில் தொடங்கி மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவிய சுய உதவிக் குழு வேறு. அதில் உங்கள் சேமிப்பு இருக்கும், அதை உங்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், வட்டி குழுவுக்கே திரும்பும், பேங்க் கடனும் குறைந்த வட்டியில் வரும். உங்கள் ஊராட்சியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவுடன் பணம் கிடைக்காது. ஆறு மாதம் சேமித்து நின்றால், கார்த்திகையில் முதல் கடன் முடிகிறபோது அங்கே உங்களுக்கு ஒரு இடம் இருக்கும்.

மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் நீங்கள் உறுப்பினர் இல்லை என்பதும் கடிதத்தில் தெரிகிறது. சேருங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டம் உங்கள் பேரிலும் உண்டு. நீங்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தரும். மீனவர் நல வாரிய அட்டையும் இருவருக்கும் இருக்கட்டும். இதெல்லாம் மீன்வளத் துறை அலுவலகத்தில் முடிகிற காரியம். நின்றுபோனால் கலெக்டர் ஆபீசில் நடக்கிற மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

மகள் விஷயத்தில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. மில்லுக்கு அனுப்பாதீர்கள். மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்பார்கள். இடையில் உடம்புக்கு முடியாமலோ பிடிக்காமலோ திரும்பி வந்த பெண்கள் அந்தப் பணத்தைப் பார்க்காமல் வந்ததை நான் அறிவேன். உங்கள் கடன் அடுத்த வருடம் ஆடிக்குள் முடிகிற கடன். அதற்கு அவளுடைய மூன்று வருடத்தைக் கொடுப்பது சரியான விலை இல்லை.

அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் உயர்கல்வியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். நர்சிங்குக்கு அரசுக் கல்லூரி இடங்களுக்கு விண்ணப்பிக்கட்டும், மற்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் சேர்த்தே போடட்டும். கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கு ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்குத் தனி அரசுக் கல்லூரி இருக்கிறது, ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பேரில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். கடை மாடியில் போர்டு மாட்டி "நர்சிங், நூறு சதவீதம் வேலை" என்று சேர்க்கிற இடங்களுக்குப் போகாதீர்கள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத சான்றிதழோடு அரசு ஆஸ்பத்திரியில் உள்ளே நுழைய முடியாது. அந்த மாதிரி இடத்தில் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டு மீட்க முடியாமல் அழுத பிள்ளைகள் உண்டு.

இதையெல்லாம் உங்களால் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. நோட்டு முதலில், அப்புறம் சென்டர் லீடர், அதன் பிறகு சட்டப் பணிகள் ஆணைக்குழு. மகளின் விண்ணப்பம் மட்டும் யாருக்காகவும் நிற்காது, கடைசித் தேதியைப் பார்த்து அதை இப்போதே போட்டுவிடுங்கள். கணினியில் அவளே போடுவாள்.

முளைப்பாரி வரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தலைக்கட்டு வரியைத் தாமதமாகக் கட்டுகிறவர்கள் ஊரில் நீங்கள் மட்டும் இல்லை. வீட்டுக்காரரை விட்டு ஊர்த் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள், படகு இறங்கிய பிறகு தருகிறோம் என்று. வரி பாக்கி இருக்கிறது என்பதற்காக நீங்கள் பாரி போடாமல் இருக்க வேண்டாம். விதை நனைக்கிற அன்றைக்கு மற்ற பெண்களோடு போய் உட்காருங்கள், கும்மிக்கும் நில்லுங்கள். கடன்காரி என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால், அந்த வட்டத்தில் கடன் இல்லாதவள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நோட்டின் முதல் பக்கத்தை எழுதி முடித்ததும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் மகளிடம். ஊர், பேர் எதுவும் வேண்டாம். கூட்டல் சரியா என்று நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா